தாய்ப்பால் குடிக்கும் 16 மாதக் குழந்தை: நிறுத்திய உணவுகளை எப்படித் திரும்பக் கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு 16 மாதம் ஆகிறது. இரண்டாவது மாதத்தில் மலத்தில் சளியோடு ரத்தக் கீற்று வந்தது. டாக்டர் என்னைப் பால், தயிர் நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்தில் சரியானது. பிறகு கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சொறி வந்தது. கரப்பான் பண்டம் கூடாது என்று ஆளுக்கொன்று சொன்னதில் கோதுமை, உளுந்து, வேர்க்கடலை, தக்காளி, கத்திரிக்காய், மீன், கோழி எல்லாம் நின்றுபோயின. எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பொரித்த முட்டை ஊட்டினேன். கால் மணி நேரத்தில் வாயைச் சுற்றித் தடித்து, கண்ணிமை வீங்கிவிட்டது. அதுவரை முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த நானும் அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது இருவருக்கும் சோறு, பாசிப்பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு, வாழைப்பழம்தான். எனக்குத் தலைசுற்றுகிறது, முடி கொட்டுகிறது. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலோ கழுதைப்பாலோ கொடு என்கிறார் மாமியார். நிறுத்தியதைத் திரும்ப ஆரம்பிக்கப் பயமாக இருக்கிறது. எதை, எப்படிக் கொடுப்பது? (வாசகி, நாமக்கல்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

குழந்தைக்காக ஒரு வருடத்துக்கு மேலாக நீங்கள் இருக்கும் பத்தியம் சாதாரணமானதல்ல. அந்தப் பத்தியத்தில் பெரும்பகுதியை இந்த மாதமே முடித்துக்கொள்ளலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓர் உணவை மட்டும் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கவே கூடாது. அது முட்டை. இன்னும் இரண்டுக்கு, அதாவது பாலுக்கும் வேர்க்கடலைக்கும், டாக்டரிடம் ஒரு நடை போய்வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். மற்றவற்றுக்குக் கவனம் போதும், பயம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நிறுத்திய உணவுகள் ஏறக்குறைய பத்து. அவற்றில் குழந்தை உடம்பில் இன்னது நடந்தது என்று நீங்களே கண்ணால் பார்த்து நிறுத்தியது இரண்டே இரண்டுதான். பாலை நிறுத்தியதும் ரத்தம் நின்றது. முட்டை கொடுத்ததும் முகம் வீங்கியது. கோதுமைக்கும் உளுந்துக்கும் கோழிக்கும் அப்படி எதுவும் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. யாரோ சொன்னார்கள், நிறுத்தினீர்கள். சாட்சியோடு நிறுத்தியதும் சாட்சியே இல்லாமல் நிறுத்தியதும் ஒரே பட்டியலில் கிடப்பதால்தான் எதைத் தொடவும் பயமாக இருக்கிறது.

பாலில் தொடங்குகிறேன். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் சிசுவுக்கு முதல் இரண்டு மாதங்களில் மலத்தில் சளியும் ரத்தக் கீற்றும் வருவதற்கு, தாய் சாப்பிடும் பசும்பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலில் கலப்பது ஒரு முக்கியக் காரணம். குடலின் கடைசிப் பகுதி அந்தப் புரதத்தை ஏற்காமல் புண்ணாகிறது. குழந்தை மற்றபடி சுறுசுறுப்பாக, எடை கூடிக்கொண்டுதான் இருக்கும். இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டியே தீர்ந்துவிடுகிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். ஆகவே அவளுக்குப் பால் இப்போது ஒத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். இதைப் பாலில் உள்ள சர்க்கரை, அதாவது லாக்டோஸ் செரிக்காத கோளாறோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தாய்ப்பாலிலேயே லாக்டோஸ் பசும்பாலைவிட அதிகம். அதைத்தான் அவள் 16 மாதமாகக் குடித்து வளர்கிறாள்.

முட்டையின் கதை வேறு. கால் மணி நேரத்தில் தடிப்பும் இமை வீக்கமும் வந்தது உடனடி ஒவ்வாமைக்கான தெளிவான அறிகுறி. உணவு உள்ளே போன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வருவது அந்த வகை. முதல்முறை தோலோடு நின்றது, அடுத்த முறையும் தோலோடு நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. 'கொஞ்சம் நாக்கில் தடவிப் பார்க்கலாமே' என்று பாட்டியோ அத்தையோ சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். குழந்தைகளுக்கான ஒவ்வாமை நிபுணரிடம் போங்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ, முட்டைக்கான ஐஜிஇ (உடனடி ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனையோ செய்து, சரி என்று பட்டால் அவர்கள் கண்முன்னே, ஊசி மருந்து தயாராக இருக்கும் இடத்தில் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். கேக்கில் போல மாவோடு சேர்ந்து சூட்டில் நன்றாக வெந்த, அதாவது பேக் செய்த முட்டையை ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறையப் பேர் உண்டு. சூட்டில் முட்டைப் புரதம் உருமாறிவிடுவதே காரணம். ஆஃப்பாயில் எல்லாம் கடைசியில்தான் வரும்.

அதே நாளில் பாலுக்கும் வேர்க்கடலைக்கும் சேர்த்தே பரிசோதனை கேளுங்கள். தோல் சொறி உள்ள குழந்தை ஓர் உணவை மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பச் சாப்பிடும்போது, முன்பு மெதுவாக வந்த ஒவ்வாமை சிலருக்கு உடனடி வகையாக மாறி வருவதுண்டு. அதனால்தான் பாலை நேரடியாக வீட்டில் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வர வாய்ப்பு கூடுதல் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டும். பார்த்து, இல்லை என்று தெரிந்தால் வேர்க்கடலையை மேலும் தள்ளிப்போடாதீர்கள். லண்டனில் நடந்து 2015-ல் வெளியான லீப் ஆய்வு, கடுமையான சொறியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைகளுக்கு வேர்க்கடலையை முதல் வருடத்திலேயே கொடுக்கத் தொடங்கியபோது, ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. தள்ளிப்போட்டால் பாதுகாப்பு என்ற பழைய எண்ணத்தை மருத்துவ உலகமே கைவிட வைத்த ஆய்வு அது. முழுக் கடலையாக மட்டும் தராதீர்கள், மூச்சுக்குழாயில் சிக்கும். நைசாக அரைத்துச் சட்னியாகவோ கஞ்சியில் கலந்தோ கொடுங்கள்.

பரிசோதனை என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்த மாதிரியில் பார்த்துத் தருகிறோம் என்று ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளை அளக்கும் பேனல்களை, ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். நாம் ஓர் உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு மேல் அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன. ஐஜிஇ பரிசோதனையைக்கூடத் தேவையான மூன்று உணவுக்கு மட்டும் செய்தால் போதும். அதிலும் 'பாசிட்டிவ்' என்று வருவது மட்டுமே ஒவ்வாமை ஆகிவிடாது. குழந்தை சாப்பிட்டபோது என்ன நடந்தது என்பதோடு சேர்த்துத்தான் டாக்டர் அதைப் படிப்பார்.

இனி உங்களுக்கு வருகிறேன். பால் இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை, கோழியும் இல்லை. இந்த நான்கும் நின்றுபோன உங்கள் இப்போதைய சாப்பாட்டில் வைட்டமின் பி12 வர வழியே இல்லை. தாய்க்குப் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தை சோர்ந்து போகும், கற்றுக்கொண்ட தவழ்தலும் சிரிப்பும் பின்வாங்கும், சில குழந்தைகளுக்குக் கை கால் நடுக்கமே வரும். ஒவ்வாமையைவிட எனக்கு இதில்தான் கவலை அதிகம். இந்த வாரமே நீங்கள் இருவரும் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி பார்த்துக்கொள்ளுங்கள். மகளின் எடை, உயரத்தையும் தாய் சேய் நலக் கையேட்டில் உள்ள வளர்ச்சி வரைபடத்தில் குறித்துக்கொண்டு போங்கள். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கு மேல் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் நிறைய உண்டு. ஆனாலும் பால் திரும்பும் வரை கால்சியம் மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியாது, டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோழி, மீன், உளுந்து, தக்காளி, கத்திரிக்காய், கோதுமை ஆகியவற்றை நாளையிலிருந்தே நீங்கள் சாப்பிடத் தொடங்கலாம். முதல் நாள் இட்லி, தக்காளிச் சட்னி என்று ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். முட்டையைப் பொறுத்தவரை, நீங்கள் சாப்பிட்டு அவள் பால் குடித்த எட்டு மாதமும் தடிப்போ வீக்கமோ வந்ததாக எழுதவில்லை. அவள் நேரடியாகச் சாப்பிட்டபோதுதான் வந்தது. இப்படி இருந்தால் தாயும் நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. நிபுணரிடம் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

குழந்தைக்கு முதலில் இட்லி. உளுந்துக்கென்று வேறு சோதனை வேண்டாம், அதுதான் எளிதாக இறங்கும். அடுத்து கோழியும் காய்களும். தக்காளியோ கத்திரிக்காயோ பட்ட இடத்தில் உதட்டோரம் மட்டும் சிவந்து அரை மணியில் மறைந்தால் அது சாறு பட்ட எரிச்சல், ஒவ்வாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊட்டும் முன் வாயைச் சுற்றி வாஸ்லின் தடவினாலே குறையும். அதன்பின் கோதுமை, பிறகு முள் நீக்கிய மீன்.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். காலை வேளையில், அவள் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்கும் நாளில், ஆஸ்பத்திரி திறந்திருக்கும் வார நாளில் தொடங்குங்கள். ஊருக்குப் போகிற அன்றோ ஞாயிறு இரவோ வேண்டாம். முதல் நாள் கால் டீஸ்பூன், மறுநாள் அரை, அதற்கடுத்த நாள் அவள் வழக்கமாகச் சாப்பிடும் அளவு. அந்த அளவிலேயே இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். மெதுவாக வரும் வகை சில மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரைகூட எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் புதிதாக உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் கொடுக்காதீர்கள். எது எதனால் வந்தது என்று தெரியாமல் போய்விடும். இதே காரணத்துக்காகத்தான் சத்துமாவையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் என்கிறேன். தானியம், பயறு, கடலை, முந்திரி என்று அத்தனையும் ஒரே கரண்டியில் இருக்கும் மாவில், ஒத்துக்கொள்ளாதது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தேறிய பிறகு சத்துமாவு அருமையான உணவு.

சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே மூன்று விஷயம் எழுதுங்கள்: என்ன கொடுத்தீர்கள், மலம் எப்படி, தோல் எப்படி. மலத்தைப் பார்ப்பதிலும் ஒரு நிதானம் வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவக்கும், தக்காளித் தோல் செரிக்காமல் சிவப்புத் துணுக்காக வரும், இரும்புச் சத்து டானிக்கில் கறுக்கும். சளி பிடித்திருக்கும்போது விழுங்கும் சளியே மலத்தில் வரும். ஒரு நாள் இளகிப் போவதற்கெல்லாம் உணவை நிறுத்தாதீர்கள். சளியோடு இழை இழையாக ரத்தம், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட முறை அதே உணவோடு சேர்ந்தே வரும் தொந்தரவு, இதுதான் கணக்கு. சந்தேகமாக இருந்தால் டயப்பரையோ துணியையோ வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள், வாயால் விவரிப்பதைவிட டாக்டருக்கு அது உதவும்.

கோதுமையைப் பாலுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. பாலைத் திரும்பக் கொடுக்கும் முறையை மருத்துவர்கள் 'பால் ஏணி' என்பார்கள். கோதுமை மாவோடு பிசைந்து அரை மணி நேரம் பேக் செய்த பாலில் புரதம் சூட்டில் உருமாறி, மாவோடு பிணைந்து, உடம்புக்கு அடையாளம் தெரியாத நிலைக்குப் போகிறது. அங்கிருந்து படிப்படியாகச் சாதாரணப் பாலின் தன்மைக்கு நெருங்குவதுதான் ஏணி. அடுப்பில் காய்ச்சின பாலுக்கு இந்தக் குணம் வராது, பாலில் உள்ள கேசீன் புரதம் கொதியைத் தாங்கிவிடும். 'நல்லா சுண்டக் காய்ச்சிக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது' என்பது தவறு.

பரிசோதனையில் பாலுக்கு ஐஜிஇ இல்லை என்று வந்தால் முதலில் நீங்கள் பால் சேருங்கள். குழந்தைக்கு நேரடியாகத் தொடங்கும் மருத்துவர்களும் உண்டு. தாய்ப்பால் வழியே போகும் அளவு மிகக் குறைவு என்பதால் தாயிடம் ஆரம்பிப்பதே எனக்குப் பிடித்த வழி. மூன்று நாள் டீயில் கொஞ்சம் பால், பிறகு தயிர் என்று ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். அவள் மலமும் தோலும் மாறவில்லை என்றால் அவளுக்கு ஏணியில் ஏறுங்கள்.

முதல் படிக்குக் கடை பிஸ்கட்டைவிட வீட்டில் செய்யும் கேக் நல்லது. ஒரு கப் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் பால்பவுடர், முட்டைக்குப் பதில் மசித்த வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, எண்ணெய், பிசையத் தண்ணீர். பிசைந்து, அடியில் உப்புப் பரப்பிய குக்கரில், கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் சிறு தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகட்டும். உள்ளே ஈரமாக இருந்தால் அது பேக் ஆகவில்லை, அவளுக்குக் கொடுக்காதீர்கள். முதல் நாள் சுண்டுவிரல் நகத்தளவு. தினமும் கூட்டி, வாரக் கடைசியில் ஒரு துண்டு. அடுத்த படியில் அதே கேக்கில் தண்ணீருக்குப் பதில் பால். பிறகு பால் ஊற்றிக் கரைத்த கோதுமை தோசை. அது கல்லில் சில நிமிடம்தான் வேகிறது, ஆகவே இது பெரிய படி, அவசரம் வேண்டாம். அதற்கடுத்து குழம்பில் வெந்த பனீர், பின் மோர்க்குழம்பு, தயிர், கடைசியில் பால். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது நில்லுங்கள். நெய்யில் புரதம் சொற்பம்தான் என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கேக் படி தாண்டியதும் சோற்றில் விடலாம். ஏதாவது ஒரு படியில் ரத்தமோ தொடர்ந்த வயிற்றுப்போக்கோ சொறி கூடுவதோ தெரிந்தால், ஒத்துக்கொண்ட முந்தைய படிக்கு இறங்கி அதையே கொடுத்துக்கொண்டிருங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஏறலாம். அதுவரை ஒத்துக்கொண்டதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கடைப் பொருளில் பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமில்லை. உள்ளடக்கத்தின் கீழே ஒவ்வாமைப் பொருட்கள் தனியாக அச்சிட்டிருக்கும், அதைப் படியுங்கள்.

எந்த உணவுக்கும், எந்தப் படியிலும் மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தொடர் இருமல், வாந்தியோடு உடம்பெங்கும் தடிப்பு, துவண்டு போதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். சிரப் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது, அதற்குத் தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. இன்னொன்றும் நினைவில் வையுங்கள். சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடக்க முடியாத தொடர் வாந்தி, முகம் வெளிறுதல், சோர்ந்து விழுதல் என்று எந்த உணவுக்காவது முன்பு நடந்திருந்தால், அந்த உணவைத் திரும்பக் கொடுப்பது ஆஸ்பத்திரியில்தான்.

தோலைப் பற்றி: சொறி அடங்கியிருக்கும்போதுதான் புது உணவு எதையும் கணிக்க முடியும். ஆகவே முதலில் தோலைச் சரி செய்யுங்கள். டாக்டர் தரும் களிம்பும், குளித்து ஈரம் காயும் முன் பூசும் மாய்ஸ்சரைசரும் போதும். பயத்தமாவு, கடலைமாவு தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பாதாம், கடலை எண்ணெய் தேய்ப்பதும் வேண்டாம். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகுகிறது, வாய் வழியாகப் போனால் உணவாகப் பழகுகிறது என்றுதான் இன்றைய ஒவ்வாமை மருத்துவம் கருதுகிறது.

மாமியார் சொன்னதை அக்கறையில்தான் சொல்லியிருப்பார். அவரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல இரண்டு விஷயம் தருகிறேன். ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்தைப் போலவே இருப்பதால், பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அவையும் ஒத்துக்கொள்ளாது. நாட்டு மாட்டுப் பாலும் அப்படியே. தெருவில் சங்கில் கறந்து தரும் கழுதைப்பால் காய்ச்சாத பால், அதில் வரும் கிருமித் தொற்று ஒவ்வாமையைவிட ஆபத்து. தாய்ப்பாலோ, இரண்டாம் வயதிலும் குழந்தைக்கு வேண்டிய சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத் தரக்கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு வயது வரையும் அதற்குப் பிறகும் கொடுக்கச் சொல்கிறது. அவளுக்கு உணவே ஐந்தாறு வகைதான் என்றிருக்கும் இந்த நேரத்தில் தாய்ப்பாலை நிறுத்துவது சரியல்ல. சோற்றைத் தள்ளிவிட்டு நாளெல்லாம் பாலுக்கே அழுதால் மட்டும், சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரம் பால் கொடுக்காமல் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 16 மாதத்தில் அவளுக்குத் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் வரும். முட்டை ஒவ்வாமை இருப்பதால் தட்டம்மை ஊசி கூடாது என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள், தாராளமாகப் போடலாம். ஊசி போடும் செவிலியரிடம் ஒவ்வாமையைச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஊசிக் காய்ச்சல் தணிந்து நான்கைந்து நாள் ஆன பிறகு அடுத்த புது உணவைத் தொடங்குங்கள்.